புது டிரைவில் ஓஎஸ் போட்டபின் ரெய்டைக் காணோமா? அறிகுறி வாரியாகப் பார்க்கலாம்

ஓஎஸ் இருந்த டிரைவ் பழுதாகிவிட்டது. புது எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு ஓஎஸ்ஸை மறுபடி நிறுவியாயிற்று. கணினி நன்றாகவே ஓடுகிறது, ஆனால் டேட்டா இருந்த ரெய்டு தொகுப்பை (பல டிஸ்க்குகளைக் கோத்து ஒன்றாகப் பயன்படுத்தும் ஏற்பாடு) காணோம். இந்த நிலையில் வரும் கணினிகளைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். பெரும்பாலானவற்றில் டேட்டா அப்படியேதான் இருக்கிறது. எந்த டிஸ்க் எத்தனையாவது, எந்த ரெய்டு வகை, எவ்வளவு பெரிய துண்டுகளாகப் பிரித்து எழுதப்பட்டது என்ற விவரமெல்லாம் ரெய்டில் உள்ள டிஸ்க்குகளிலேயே ஓர் ஓரமாக எழுதப்பட்டிருக்கும். அதனால் ஓஎஸ் போவதால் மட்டும் ரெய்டு போய்விடுவதில்லை. தொகுப்பு தெரியவில்லையே என்ற பதற்றத்தில் அழுத்தும் முதல் பட்டன்தான் பெரும்பாலும் அதை அழிக்கிறது.

ஆகவே கீழே வரும் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு நிபந்தனை உண்டு. காரணம் தெரியும்வரை அந்த டிஸ்க்குகளில் எதையும் எழுதக் கூடாது. இனிஷியலைஸ், ஃபார்மட், புது ரெய்டு உருவாக்குதல், ரீபில்ட், செக்டிஸ்க், எஃப்எஸ்சிகே ஆகிய எல்லாமே டிஸ்க்கில் எழுதக்கூடிய வேலைகள். "சரிபார்க்கிறேன்" என்று சொல்லும் கருவிகளும் தப்பாகக் கோக்கப்பட்ட ரெய்டின் மேல் ஓடினால் நல்ல கோப்புகளைப் பழுது என்று நினைத்து வெட்டிவிடும்.

## இன்னும் நிறுவவில்லை என்றால்

அதிர்ஷ்டசாலி நீங்கள். முதலில், உங்களுடையது எந்த வகை ரெய்டு என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மதர்போர்டின் பயாஸில் அமைத்ததா, தனிக் கன்ட்ரோலர் கார்டா, விண்டோஸின் டைனமிக் டிஸ்க் அல்லது ஸ்டோரேஜ் ஸ்பேசஸா, லினக்ஸின் எம்டிஆட்ம் கருவியில் செய்ததா, ரெய்டு வசதியை உள்ளடக்கிய இசட்எஃப்எஸ் கோப்பு முறையா? இது தெரியாமல் தொடங்குவதுதான் பாதிச் சிக்கலுக்குக் காரணம்.

அடுத்து, எந்த போர்ட்டில் எந்த சீரியல் எண் கொண்ட டிஸ்க் இருக்கிறது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பயாஸில் சாட்டா மோடு காட்டும் திரையையும் படம் எடுங்கள். பழைய ஓஎஸ் இன்னும் பூட் ஆகிறது என்றால், அதிலிருந்து எடுக்க வேண்டிய முக்கியமான பொருள் சாவிகள். ரெய்டு தொகுப்பு லக்ஸ் என்ற லினக்ஸ் குறியாக்க முறையில் பூட்டப்பட்டு, அதன் சாவிக் கோப்பு பழைய ஓஎஸ் டிரைவில் இருந்தால், அந்த டிரைவை வீசும் நாளில் டேட்டாவையும் வீசிவிடுகிறீர்கள். விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கரின் மீட்புச் சாவிக்கும், கோப்புகளைப் பூட்டும் இஎஃப்எஸ்ஸின் சான்றிதழுக்கும் இதே கதைதான்.

பிறகு கணினியை அணைத்து, ரெய்டு டிஸ்க்குகள் எல்லாவற்றின் கேபிளையும் கழற்றிவிட்டு நிறுவுங்கள். எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். ஒன்றிரண்டை மட்டும் கழற்றி பூட் செய்தால் தொகுப்பு குறைபட்டதாகப் பதிவாகிவிடும். தனிக் கார்டு என்றால் டிஸ்க்குகளைத் தொடாமல் கார்டையே ஸ்லாட்டிலிருந்து எடுத்துவிடுவது நல்லது. இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றால், வேண்டும். விண்டோஸ் இன்ஸ்டாலர் நீங்கள் தேர்ந்தெடுத்த டிரைவில் விண்டோஸை வைத்துவிட்டு, பூட் பகுதியை வேறொரு டிஸ்க்கில் எழுதுவது உண்டு. லினக்ஸ் இன்ஸ்டாலர்களில் டிஸ்க் பெயர்கள் ஒவ்வொரு பூட்டிலும் இடம் மாறலாம். நேற்று "எஸ்டிஏ" என்று இருந்தது இன்று "எஸ்டிசி" ஆகியிருக்கலாம். கேபிள் இல்லாத டிஸ்க்கை யாராலும் தவறுதலாக ஃபார்மட் செய்ய முடியாது.

## அறிகுறி: இன்ஸ்டாலரில் ரெய்டு தனித்தனி டிஸ்க்குகளாகத் தெரிகிறது, அல்லது எந்த டிரைவுமே தெரியவில்லை

இது மதர்போர்டு ரெய்டில் வருவது. இன்ஸ்டாலரை அப்படியே விட்டுவிட்டு வெளியே வாருங்கள். அந்தத் திரையில் டிலீட், நியூ என்று எதையும் தொட வேண்டாம்.

பயாஸில் மோடு மாறியிருக்கிறதா? முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். மதர்போர்டின் பேட்டரி தீர்ந்திருந்தாலோ, பயாஸ் அப்டேட் செய்திருந்தாலோ, அமைப்புகளை ரீசெட் செய்திருந்தாலோ சாட்டா மோடு ரெய்டிலிருந்து ஏஎச்சிஐக்கு (டிஸ்க்குகளைத் தனித்தனியாகக் காட்டும் மோடு) திரும்பியிருக்கும். மோடு மாறுவதால் மட்டும் டிஸ்க்கில் எதுவும் அழியாது. திரும்ப ரெய்டு என்று வைத்துச் சேமித்தால் தொகுப்பு மீண்டும் தெரிய வேண்டும்.

மோடு சரியாகவே இருக்கிறதா? அப்படியானால் இன்ஸ்டாலருக்கு டிரைவர் இல்லை. இன்டெல் கணினி என்றால் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி டிரைவரை, ஏஎம்டி என்றால் அதன் ரெய்டு டிரைவரை மதர்போர்டு தயாரிப்பாளரின் தளத்திலிருந்து எடுத்து, யூஎஸ்பியில் விரித்து வைத்து, "லோட் டிரைவர்" வழியாகக் கொடுங்கள். டிரைவ் தெரியவில்லை என்று தேடினால் "விஎம்டியை அணைத்துவிடுங்கள்" என்ற பதில்தான் முதலில் கிடைக்கும். ரெய்டு இல்லாதவர்களுக்கு அது சரியான பதில். விஎம்டியின் கீழ் ரெய்டு வைத்திருப்பவர்கள் அதைச் செய்தால், தொகுப்பு தனித்தனி டிஸ்க்குகளாகச் சிதறித் தெரியும். அதன் மேல் விண்டோஸ் எதையாவது எழுதும்.

ஏஎச்சிஐ மோடில் ஏற்கெனவே விண்டோஸ் ஓடிவிட்டதா? ரெய்டு 1 (ஒரே டேட்டா இரண்டு டிஸ்க்குகளிலும் பிரதியாக இருக்கும் வகை) என்றால் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஏஎச்சிஐ மோடில் இரண்டு டிஸ்க்குகளும் தனித்தனி நல்ல டிரைவ்களாக விண்டோஸுக்குத் தெரிந்திருக்கலாம். இரண்டில் ஒன்றில் மட்டும் அது எழுதியிருக்கலாம். ரெய்டு மோடுக்குத் திரும்பினால் தொகுப்பு "நார்மல்" என்றே காட்டும், ஏனென்றால் நடுவில் நடந்தது அதற்குத் தெரியாது. ஆனால் இரண்டு பிரதிகளும் இப்போது ஒரே மாதிரி இல்லை. எதிலும் எழுதாமல் முக்கியமான கோப்புகளை முதலில் வெளியே காப்பி எடுத்து, திறந்து பார்த்து உறுதி செய்த பிறகுதான் வெரிஃபை ஓட்ட வேண்டும்.

பயாஸின் ரெய்டு திரையில் "ரீசெட் டிஸ்க்ஸ் டு நான்-ரெய்டு" என்று ஒரு வரி இருக்கும். சரிசெய்வது போன்ற தோற்றம் உள்ள அந்த வரி, டிஸ்க்கில் உள்ள ரெய்டு விவரத்தை அழிப்பது. அதை நெருங்கவே வேண்டாம்.

## அறிகுறி: விண்டோஸ் "டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்ய வேண்டும்" என்கிறது

கேன்சல். யோசிக்காமல் கேன்சல். விண்டோஸுக்குப் புரியாத எந்த டிஸ்க்கைப் பார்த்தாலும் டிஸ்க் மேனேஜ்மென்ட் இந்தக் கேள்வியைக் கேட்கும். எம்பிஆரா, ஜிபிடியா என்ற இரண்டே தேர்வுகளோடு அது நிற்பதால், ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்போல் தோன்றும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் டிஸ்க்கில் எழுதப்படும்.

மேலே சொன்ன பயாஸ் மோடும் டிரைவரும்தான் எளிய காரணங்கள். அடுத்தது, இந்த டிஸ்க்குகள் லினக்ஸில் அமைத்த ரெய்டாகவோ நாஸ் பெட்டியிலிருந்து (நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி) எடுத்தவையாகவோ இருப்பது. விண்டோஸால் அவற்றைப் படிக்க முடியாது. லினக்ஸ் லைவ் யூஎஸ்பியில் பூட் செய்து கீழே உள்ள லினக்ஸ் பகுதிக்குப் போங்கள்.

ஏற்கெனவே ஓகே அழுத்தியாயிற்றா? உடனே கணினியை அணையுங்கள். இனிஷியலைஸ் செய்வது பெரும்பாலும் பார்ட்டிஷன் அட்டவணையை மட்டும் தொடும். உள்ளே இருக்கும் டேட்டா மிச்சம் இருக்கும். அதன் மேல் ஃபார்மட்டும் செய்து கோப்புகளையும் காப்பி செய்திருந்தால், அது நீங்களே சரிசெய்யும் கட்டத்தைத் தாண்டிவிட்டது.

## அறிகுறி: டிஸ்க் மேனேஜ்மென்டில் "ஃபாரின்" என்று இருக்கிறது

பழைய விண்டோஸில் டைனமிக் டிஸ்க் வைத்திருந்தால் புது விண்டோஸில் இப்படித்தான் தெரியும். இது பழுது இல்லை. வேறொரு கணினியின் டிஸ்க் என்று விண்டோஸ் நினைக்கிறது, அவ்வளவுதான். தொகுப்பின் டிஸ்க்குகள் எல்லாம் இணைந்திருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்துவிட்டு, ரைட் கிளிக் செய்து "இம்போர்ட் ஃபாரின் டிஸ்க்ஸ்" கொடுங்கள். அதே மெனுவில் பக்கத்திலேயே "கன்வர்ட் டு பேசிக் டிஸ்க்" இருக்கும். அதைத் தொட்டால் வால்யூம் விவரம் போய்விடும்.

இம்போர்ட் வரி வரவில்லை என்றால், புதிதாகப் போட்டது ஹோம் பதிப்பா என்று பாருங்கள். ஹோம் பதிப்பு டைனமிக் டிஸ்க்கை ஆதரிப்பதில்லை. முன்பு புரோ இருந்து இப்போது ஹோம் போட்டிருந்தால், பதிப்பை மாற்றினால் போதும்.

ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் என்றால், டிஸ்க்குகளை மாட்டியதும் புது விண்டோஸ் தானே பூலை அடையாளம் கண்டுவிடும். சில நேரம் பூல் ரீட்-ஒன்லியாகவோ, உள்ளே உள்ள வர்ச்சுவல் டிஸ்க் டிடாச் ஆன நிலையிலோ வரும். ரீட்-ஒன்லியாக இருப்பது நல்லதே, அந்த நிலையிலேயே கோப்புகளைக் காப்பி எடுத்துவிட்டு மாற்றுங்கள். "பூலை அப்கிரேட் செய்" என்று கேட்டால் அவசரப்பட வேண்டாம். அப்கிரேட் ஆன பூலைப் பழைய விண்டோஸால் திறக்க முடியாது. திரும்பிப் போகும் வழி அடைபட்டுவிடும்.

## அறிகுறி: கன்ட்ரோலர் கார்டு "ஃபாரின் கான்ஃபிகரேஷன்" என்கிறது

கார்டின் திரையில் இம்போர்ட், கிளியர் என்று இரண்டு வழிகள் இருக்கும். டேட்டா வேண்டும் என்றால் இம்போர்ட். அதற்கு முன் பிரிவியூ காட்டும் கார்டு என்றால், டிஸ்க்குகள் எல்லாம் அதில் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று குறைந்தாலும் அணைத்துவிட்டுக் கேபிளைச் சரிபாருங்கள். கார்டே பழுது என்றால் அதே வரிசைக் கார்டு ஒன்று வேண்டும், வேறு நிறுவனத்தின் கார்டு பெரும்பாலும் இந்த விவரத்தைப் படிக்காது. பொருத்தமான கார்டு கிடைக்கவில்லை என்றால் நிபுணரைக் கூப்பிடும் இடம் இதுதான்.

## அறிகுறி: லினக்ஸ் பூட் ஆகாமல் ஒன்றரை நிமிடம் நின்று எமர்ஜென்சி மோடுக்குப் போகிறது

பழைய எஃப்எஸ்டேப் கோப்பை (பூட் ஆகும்போது எதை எங்கே மவுண்ட் செய்வது என்ற பட்டியல்) அப்படியே புது ஓஎஸ்ஸில் போட்டவர்களுக்கு இது வரும். லினக்ஸில் பூட்டை நடத்தும் சிஸ்டம்டி 90 நொடி காத்திருந்து, அந்த ரெய்டு வரவில்லை என்று கைவிடுகிறது. ரூட் கடவுச்சொல் கொடுத்து உள்ளே போய், எஃப்எஸ்டேப்பில் அந்த வரியைக் கமென்ட் செய்து பூட் செய்யுங்கள். தொகுப்பு சரியான பிறகு அந்த வரியைத் திரும்பச் சேர்க்கும்போது, எம்டி0 போன்ற தொகுப்புப் பெயருக்குப் பதில் யூயூஐடி (மாறாத அடையாள எண்) எழுதி, "நோஃபெயில்" என்ற விருப்பத்தையும் சேர்த்துவிட்டால் இது மறுபடி வராது.

## அறிகுறி: தொகுப்பு எம்டி0 என்று இல்லாமல் எம்டி127 என்று வருகிறது

டேட்டாவுக்கு ஒன்றும் இல்லை. தொகுப்பு பழைய கணினியின் பெயரோடு பதிந்திருப்பதால் புது ஓஎஸ் அதை வெளியாளாகக் கருதி 127 என்ற எண்ணைக் கொடுக்கிறது. எம்டிஆட்மின் "டீடெய்ல் ஸ்கேன்" கொடுக்கும் வரியை அதன் கான்ஃப் கோப்பில் சேர்த்து, இனிட்ராம்எஃப்எஸ்ஸை (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பு) புதுப்பித்தால் பழைய பெயர் திரும்பும். கான்ஃப் கோப்பை மட்டும் திருத்திவிட்டு இனிட்ராம்எஃப்எஸ்ஸை விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் அடுத்த பூட்டிலும் 127 வருகிறது. "ஆட்டோ-ரீட்-ஒன்லி" என்று காட்டினாலும் பயப்பட வேண்டாம். முதல் முறை எதையாவது எழுதும்வரை அது அப்படித்தான் இருக்கும்.

## அறிகுறி: லினக்ஸில் தொகுப்பே வரவில்லை, அல்லது "இன்ஆக்டிவ்" என்று நிற்கிறது

அதிகம் தவறு நடப்பது இங்கேதான். அதனால் நிதானமாக, வரிசையாகப் போங்கள்.

கருவி இருக்கிறதா? பல டெஸ்க்டாப் லினக்ஸ்களில் எம்டிஆட்ம் முன்கூட்டியே இருப்பதில்லை. அதை நிறுவி "அசெம்பிள் ஸ்கேன்" கொடுத்தாலே பாதிப்பேருக்கு வேலை முடிந்துவிடும். தொகுப்பின் மேல் எல்விஎம் (டிஸ்க் இடத்தை வால்யூம்களாகப் பிரிக்கும் லினக்ஸ் முறை) இருந்தால் அதன் கருவியையும் போட்டு, வால்யூம் குழுவை ஆக்டிவேட் செய்ய வேண்டும். லக்ஸ் என்றால் முதலில் அதைத் திறக்க வேண்டும்.

டிஸ்க்குகள் எல்லாம் தெரிகின்றனவா? சீரியல் எண்ணோடு பட்டியலிட்டு, எடுத்து வைத்த படத்தோடு ஒப்பிடுங்கள். ஒன்று குறைந்தால் கணினியை அணைத்து, அந்த டிஸ்க்கின் டேட்டா கேபிளையும் பவர் கேபிளையும் கழற்றி மாட்டுங்கள். புது டிரைவ் மாட்டக் கையை உள்ளே விட்டபோது பக்கத்துக் கேபிள் தளர்ந்திருப்பது வெகு சாதாரணம்.

ஒவ்வொரு டிஸ்க்கிலும் ரெய்டு விவரம் இருக்கிறதா? எம்டிஆட்மின் "எக்ஸாமின்" படிக்க மட்டுமே செய்யும், தைரியமாக ஓட்டலாம். டிஸ்க்கின் மேல் ஓட்டி ஒன்றும் வரவில்லை என்றால், அதிலுள்ள பார்ட்டிஷனின் மேல் ஓட்டிப் பாருங்கள். கிடைத்ததையெல்லாம் வேறொரு டிரைவில் கோப்பாகச் சேமித்துவிடுங்கள். பின்னால் நிபுணரிடம் போக நேர்ந்தால் அவர் முதலில் கேட்பது இதைத்தான்.

அந்த வெளியீட்டில் "ஈவென்ட்ஸ்" என்று ஓர் எண் இருக்கும். தொகுப்பு கடைசியாக எந்தக் கட்டத்தில் இருந்தது என்று ஒவ்வொரு டிஸ்க்கும் வைத்திருக்கும் கணக்கு அது. நான்கு டிஸ்க்குகள் உள்ள ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனாலும் தாங்கும் வகை) ஒன்றில் 48213, 48213, 48213, 48209 என்று வந்தால், நான்காவது டிஸ்க் கடைசி நொடியில் விடுபட்டது என்று பொருள். பெரிய வேறுபாடு இல்லை. அதே இடத்தில் 31077 என்று வந்தால், அந்த டிஸ்க் எப்போதோ கழன்று போய் யாரும் கவனிக்காமல் இருந்திருக்கிறது. அதிலுள்ள டேட்டா பழசு. அதை வலுக்கட்டாயமாகச் சேர்த்தால் பழசும் புதுசும் கலந்துவிடும். மற்ற மூன்றை மட்டும் கொண்டு தொகுப்பைத் தொடங்க வேண்டும்.

இன்ஆக்டிவ் நிலையில் நிற்கிறதா? ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட்டில் டிஸ்க் பெயர்களின் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் "எஸ்" தெரியும். ஸ்பேர் என்று பொருள். டிஸ்க்குகள் ஸ்பேராக மாறிவிட்டன என்று அர்த்தமில்லை, தொகுப்பு இன்னும் தொடங்கவில்லை என்பதையே அப்படிக் காட்டுகிறது. முதலில் அந்த அரைகுறைத் தொகுப்பை "ஸ்டாப்" செய்யுங்கள். பிறகு டிஸ்க்குகளைப் பெயர் சொல்லிக் கொடுத்து, "ரீட்-ஒன்லி" விருப்பத்தோடு "அசெம்பிள்" செய்யுங்கள். டிஸ்க் ஒன்று குறைவு என்றால் "ரன்" விருப்பமும் வேண்டும். ஈவென்ட்ஸ் எண்ணில் சிறு வேறுபாடு மட்டும் இருந்து, அந்த டிஸ்க் இல்லாமல் தொகுப்பு தொடங்காது என்றால்தான் "ஃபோர்ஸ்". அந்த விருப்பம் டிஸ்க்கில் உள்ள கணக்கை மாற்றி எழுதும் என்பதால் அது கடைசிப் படி.

வந்ததும் படிக்க மட்டும் மவுண்ட் செய்யுங்கள். இஎக்ஸ்டி4 என்றால் "நோலோட்", எக்ஸ்எஃப்எஸ் என்றால் "நோரெகவரி" சேருங்கள். இவை இல்லாவிட்டால் ரீட்-ஒன்லி என்று சொன்னாலும் மவுண்ட் செய்யும்போதே ஜர்னலில் (முடியாமல் நின்ற மாற்றங்களின் பதிவு) உள்ளதை எழுதிச் சரிசெய்யப் பார்க்கும்.

ரெய்டு விவரமே இல்லையா? ஒரு டிஸ்க்கில் மட்டும் இல்லை என்றால், ரெய்டு 1, 5, 6 மூன்றுமே அது இல்லாமல் ஓடும். ஒன்றுக்கு மேற்பட்ட டிஸ்க்குகளில் இல்லை என்றால், ஏதோ ஒன்று டிஸ்க்கின் தொடக்கத்தில் புதிய ஜிபிடி பார்ட்டிஷன் அட்டவணையை எழுதியிருக்கலாம். எம்டிஆட்மின் 1.2 வடிவம் தன் விவரத்தை டிஸ்க்கின் தொடக்கத்திலிருந்து 4 கேபி தள்ளி வைப்பதால், அந்த அட்டவணை அதன் மேலேயே விழுந்துவிடும். பார்ட்டிஷன் போடாமல் முழு டிஸ்க்கையும் ரெய்டில் சேர்த்தவர்கள்தான் இதில் அகப்படுகிறார்கள்.

இந்த இடத்தில் "கிரியேட்" கொடுத்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். டிஸ்க் வரிசை, துண்டின் அளவு, வடிவ எண், டேட்டா தொடங்கும் இடம் நான்கும் பழையபடி அச்சாகப் பொருந்தினால்தான் சரியாகும். டேட்டா தொடங்கும் இடம் எம்டிஆட்ம் பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது. ஒன்று பிசகினாலும், அது உடனே தொடங்கும் ரீசிங்க் நல்ல டேட்டாவின் மேல் பாரிட்டியை (விடுபட்ட டிஸ்க்கை மீட்க உதவும் கணக்கு) எழுதிக்கொண்டே போகும். டிஸ்க்குகளின் பிரதிகள் கையில் இல்லாமல் இதைச் செய்யவே வேண்டாம். அந்த டேட்டா உங்களுக்கு முக்கியம் என்றால் இங்கே நிறுத்தி நிபுணரைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி: தொகுப்பு வந்துவிட்டது, ஆனால் "டிகிரேடட்" (டிஸ்க் குறைந்த நிலை)

லினக்ஸின் எம்டிஸ்டாட்டில் நல்ல டிஸ்க் ஒவ்வொன்றுக்கும் "யூ" என்ற எழுத்தும், விடுபட்டதற்கு ஓர் அடிக்கோடும் தெரியும். விண்டோஸ் "ஃபெயில்டு ரிடன்டன்சி" என்று சொல்லும். உடனே ரீபில்ட் தொடங்க எல்லாருக்கும் கை துறுதுறுக்கும். முதலில் முக்கியமான கோப்புகளை வேறு டிரைவுக்குக் காப்பி எடுங்கள். ரீபில்ட் என்பது மிச்சமுள்ள டிஸ்க்குகளை முதலிலிருந்து கடைசிவரை படிக்கும் வேலை. களைத்துப்போன இன்னொரு டிஸ்க் விழுவது அப்போதுதான்.

காப்பி எடுத்த பிறகு எல்லா டிஸ்க்குகளின் ஸ்மார்ட் அறிக்கையையும் (டிஸ்க் தன் நலம் பற்றித் தானே வைத்திருக்கும் எண்கள்) பாருங்கள். 199ஆம் எண், சிஆர்சி பிழை, கூடிக்கொண்டே போனால் கேபிள்தான் காரணம், மாற்றிவிடுங்கள். அந்த எண் ஒருபோதும் குறையாது என்பதால், பழைய எண்ணைப் பார்த்துப் பயப்படாமல் இன்னும் கூடுகிறதா என்று மட்டும் பாருங்கள். 5ஆம் எண்ணும் 197ஆம் எண்ணும் பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் டிஸ்க்கின் பரப்பிலேயே கோளாறு. மிச்சமுள்ள டிஸ்க்கில் 197 கூடுகிறது என்றால் ரீபில்ட் வேண்டாம். டிடிரெஸ்க்யூ கருவியால் அந்த டிஸ்க்கை முழுதாக நல்ல டிஸ்க் ஒன்றுக்குப் பிரதி எடுத்து, பிரதியைக் கொண்டு தொகுப்பைக் கோத்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: இசட்எஃப்எஸ் பூல் "வேறு கணினியில் பயன்பாட்டில் இருந்தது" என்கிறது

எக்ஸ்போர்ட் செய்யாமல் பழைய ஓஎஸ்ஸை விட்டதால் வருவது. வேறெந்தக் கணினியும் இப்போது இந்த டிஸ்க்குகளைப் பயன்படுத்தவில்லை என்றால் "எஃப்" விருப்பத்தோடு இம்போர்ட் செய்யலாம். முதல் முறை ரீட்-ஒன்லியாக. அப்கிரேடைத் தள்ளிப்போடுங்கள்.

## அறிகுறி: எல்லாம் தெரிகிறது, கோப்பு மட்டும் திறக்கவில்லை

ரெய்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. லினக்ஸில் பழைய பயனர் எண்ணும் புது எண்ணும் வேறாக இருக்கும்; பயனரை அதே எண்ணோடு உருவாக்கினால், லட்சக்கணக்கான கோப்புகளின் உரிமையை மாற்றாமலே வேலை முடியும். விண்டோஸில் ஃபோல்டரின் உரிமையை எடுத்துக்கொண்டால் திறக்கும். ஐகானில் பூட்டு அடையாளம் உள்ள கோப்புகள் மட்டும் திறக்கவில்லை என்றால் அது இஎஃப்எஸ். பழைய சான்றிதழ் இல்லாமல் எந்த உரிமையும் உதவாது. பழைய ஓஎஸ் டிரைவ் பாதி உயிரோடு இருந்தாலும் அதை எறியாமல் வைத்திருங்கள். சான்றிதழை அதிலிருந்து எடுக்க முயலலாம்.

## நிபுணரிடம் கொண்டு போகும்போது

டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால், ரெய்டு 5இல் இரண்டு டிஸ்க்குகள் விழுந்தால், பிரதியோ பாரிட்டியோ இல்லாத ரெய்டு 0இல் ஒன்று விழுந்தாலே, அல்லது ரீபில்ட் பாதியில் நின்றால், கணினியை அணைத்துவிட்டு மறுபடி பூட் செய்யாதீர்கள். டிஸ்க்குகள் ஒவ்வொன்றிலும் போர்ட் எண்ணை எழுதி ஒட்டுங்கள். பழசு, செத்தது என்று ஒதுக்கிய டிஸ்க்கையும் சேர்த்தே கொடுங்கள். அதிலிருந்து கிடைக்கும் சில பகுதிகள்தான் மற்றதைத் திறக்க உதவக்கூடும். என்ன அழுத்தினீர்கள், எந்த வரிசையில், எந்தக் கட்டளையை ஓட்டினீர்கள் என்பதை ஒன்றையும் மறைக்காமல் எழுதிக் கொடுங்கள். நடந்தது தெரிந்தால் எங்கே தேடுவது என்று அவருக்குத் தெரியும். தெரியாவிட்டால் அதைக் கண்டுபிடிக்கவே பாதி நேரம் போய்விடும்.